ஐந்தரைக் கட்டையிலிருந்து இறங்கிய கதை

எங்கள் பாட்டு டீச்சர் வீட்டுச் சுருதிப் பெட்டியில், ஐந்தரைக்கு நேராகச் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி இருக்கும். யார் பெட்டியைப் போட்டாலும் திருகு அந்தப் புள்ளியில் போய் நிற்க வேண்டும் என்று டீச்சரே வைத்த புள்ளி. 1990 வாக்கில், மயிலாடுதுறையில், புதன், சனி சாயங்காலங்களில் பன்னிரண்டு பேர் பாயில் உட்கார்ந்து, பாட்டின் அரிச்சுவடியான சரளி வரிசை பாடுவோம். ஒன்பது வயது நானும் உண்டு, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்காவும் உண்டு. எல்லோருக்கும் ஒரே கட்டை.

பாட்டுப் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணுவதில் வந்த கணக்கு. முதல் வெள்ளைக் கட்டையை ‘ச’வாக வைத்துக்கொண்டு பாடினால் ஒரு கட்டை, ஐந்தாவதை வைத்துக்கொண்டால் ஐந்து கட்டை. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் எல்லாம் அரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்பு கிடையாது, அதனால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் பாடுவார்கள். பெண்கள் நாலிலிருந்து ஆறுக்குள். ஆக, ஐந்தரை என்பது பெண் குரலுக்கு ஒன்றும் அநியாயமான சுருதி அல்ல. பன்னிரண்டு தொண்டைக்கும் அதுவே என்று முடிவு கட்டியதுதான் அநியாயம். அது அநியாயம் என்று எனக்குத் தெரிய இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று.

மேல் ஷட்ஜத்துக்கு, அதாவது மேல் ‘ச’வுக்குப் போகும்போது எனக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். டீச்சர் அதைக் காட்டி மற்றவர்களிடம், “பாருங்கடி, இப்படி வாய்விட்டுப் பாடணும்” என்பார். அதற்கும் மேலே பஞ்சமம், ‘ப’ வரை ஏறிவிடுவேன். எப்படி ஏறினேன் என்று யாரும் பார்க்கவில்லை, ஏறினேனா என்றுதான் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் மைக் பழுதான நாட்களில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு என்னைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். ‘வெண்கலக் குரல்’ என்று பெயர். அந்த வயதில் இதைவிடப் பெரிய பட்டம் வேறு என்ன வேண்டும்?

மேல் கட்டையில் பாடுவதுதான் வீரம் என்ற எண்ணம் எங்கள் டீச்சர் கண்டுபிடித்தது அல்ல. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் குரல் உயரத்தில்தான் போயாக வேண்டும். நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவை இன்றும் பெரியவர்கள் பேசுவது அந்த உச்சஸ்தாயியை வைத்துத்தான். ஆண்கள் இன்று கனவிலும் நினைக்காத சுருதியில் பாடி ஊரையே கட்டிப்போட்டவர். 1933-ல், 27 வயதில் போய்விட்டார். அப்புறம் ஒலிபெருக்கி வந்தது, கொட்டகை போய் சபா வந்தது. கத்த வேண்டிய தேவை போனது, கத்தினால்தான் பாட்டு என்ற மதிப்பு மட்டும் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டது.

கல்யாணமாகித் திருச்சிக்கு வந்தேன். ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. வகுப்புக்கு 48 பிள்ளைகள், ஒரு நாளைக்கு ஆறு பீரியடு, தலைக்கு மேலே கடகடக்கும் நாலு மின்விசிறி. பாட்டையும் விடவில்லை. நவராத்திரி, திருவாதிரை, பக்கத்துத் தெருப் பஜனை மடம், வருஷத்துக்கு ஒன்றிரண்டு சின்னக் கச்சேரி. எல்லாம் ஐந்தரையில்தான்.

முதலில் போனது சத்தம் அல்ல, மென்மை. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். 2017 மார்கழியில், மேல் ஷட்ஜத்தை ஓங்கிப் பிடித்தால் நிற்கும். மெதுவாகத் தொட்டால் முதலில் வெறும் காற்று வரும், ஒரு கணம் கழித்துத்தான் நாதம் வரும். அடுப்பு பற்றாமல் கேஸ் மட்டும் வந்துவிட்டு அப்புறம் ‘பக்’கென்று பிடிக்குமே, அது மாதிரி. மெதுவாகப் பாட வராததால் இன்னும் ஓங்கிப் பாடினேன். காலையில் குரல் சரியாக இருக்கும், நாலாவது பீரியடுக்குக் கம்மிவிடும், சாயங்காலம் கரகரப்பு. பேச்சுக்கு நடுவே பத்து வார்த்தைக்கு ஒரு முறை கனைப்பேன். கனைப்பதே பாதி நோய் என்று அப்போது தெரியாது.

நாலு வீட்டில் நாலு வைத்தியம் சொன்னார்கள். மாமியார் பனங்கற்கண்டு மிளகுப் பால் கொடுத்தார், அம்மா போனில் சித்தரத்தை என்றார், பள்ளியில் ஒரு டீச்சர் அதிமதுரத் துண்டை வாயில் அடக்கச் சொன்னார், மாடி வீட்டுப் பாட்டி தொட்டியிலிருந்து கற்பூரவள்ளி பறித்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் செய்தேன். எதுவும் கெடுதல் இல்லை, இதமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சின்ன விஷயத்தை யோசிக்கவில்லை. நாம் விழுங்கும் எதுவும் குரல் பிறக்கும் இடத்தைத் தொடுவதே கிடையாது. விழுங்கும்போது அந்த வழி மூடிக்கொள்ளும். ஒரு சொட்டு தப்பி உள்ளே போனாலே புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பாலும் தேனும் இதமாக்குவது உணவு போகும் வழியை. நேராகக் குரல்நாணுக்குப் போவது மூச்சோடு போகும் ஆவி மட்டும்தான், அதுவும் வெறும் தண்ணீர் ஆவி போதும். அதிமதுரத்தை மாதக் கணக்கில் சப்பினால் ரத்த அழுத்தம் ஏறும் என்பதையும் பிறகுதான் கேட்டேன். எனக்கு ஏறியும் இருந்தது. அது அதிமதுரமா, ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவா என்று சொல்ல முடியாது.

வீட்டுப் பக்கத்து டாக்டர் ஒருவர் இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார். காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை, எதற்கு என்று நானும் கேட்கவில்லை. கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால், “ஒரு ஊசி போட்டுக்கோ, குரல் கணீர்னு வந்துரும்” என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். ஸ்டீராய்டு ஊசி. வீக்கம் வற்றும், ஒரு ராத்திரிக்குக் குரல் வரும். சுளுக்கிய காலுக்கு வலி தெரியாமல் மருந்து போட்டுக்கொண்டு ஓடுகிற கதைதான். போட்டுக்கொள்ளவில்லை. தைரியம் இல்லாததால்தான், விவரம் தெரிந்து அல்ல.

மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது இப்போது நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லும் மந்திரம். நானோ 2018 பிப்ரவரியில், இரண்டு மாதம் கழித்துப் போனேன்.

நாக்கை வெளியே நீட்டச் சொன்னார்கள். டாக்டரம்மா பஞ்சுத்துணியால் நாக்கைப் பிடித்துக்கொண்டு, பேனா மாதிரி ஒரு கம்பியை வாய்க்குள் விட்டு, “ஈ… சொல்லுங்க” என்றார். நாக்கைப் பிடித்துக்கொண்டு ஈ சொல்லச் சொன்னால் ‘ஏ’க்கும் ‘ஆ’வுக்கும் நடுவே ஏதோ ஒன்றுதான் வருகிறது. பக்கத்துத் திரையில் முதன்முதலாக என் குரலைப் பார்த்தேன். கேட்கவில்லை, பார்த்தேன். இளஞ்சிவப்புச் சதைக்கு நடுவே ‘வி’ வடிவத்தில் வெள்ளையாக இரண்டு பட்டை. அவ்வளவுதான். பெண்களுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருந்தாலே அதிகம். வெண்கலக் குரல் என்றார்களே, அது ஒரு கட்டைவிரல் நகத்தின் நீளமுள்ள இரண்டு சதை மடிப்பு.

நிஜத்தில் அவை துடிப்பது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். விளக்கை விட்டு விட்டு மின்னவைத்து அந்தத் துடிப்பை மெதுவாகக் காட்டுகிறார்கள், ஸ்ட்ரோபோஸ்கோப்பி என்று பெயர். அலை மாதிரி வந்து மூடி, விலகி, மறுபடி மூடின. ஆனால் முழுதாக மூடவில்லை. முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு பட்டையிலும் எதிரும் புதிருமாக ஒரு சின்ன மேடு. மேடும் மேடும் முட்டிக்கொள்ள, அதற்கு முன்னும் பின்னும் இடைவெளி. உடுக்கை மாதிரி ஒரு சந்து. அந்தச் சந்து வழியாகத்தான் என் காற்று ஒழுகிக்கொண்டிருந்தது.

“முடிச்சு விழுந்திருக்கு மேடம். கடப்பாரை பிடிக்கிறவங்க கையில காய்ப்பு காய்க்கும்ல, அதேதான்.”

“அறுக்கணுமா டாக்டர்?”

“இப்ப வேண்டாம். அறுத்துட்டு நீங்க இதே மாதிரி கத்தினா மறுபடி வரும். முதல்ல கத்துறத நிறுத்துவோம்.”

கத்துவது என்றார். பாடுவது என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் குத்திக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு கிளைக்கதை. தன் தொண்டைக்குள் குரல் பிறப்பதைத் தானே கண்ணாடியில் பார்த்து எழுதிவைத்த மனுவெல் கார்சியா, டாக்டர் அல்ல, பாட்டு வாத்தியார். 1854-ல், பல் டாக்டர் வைத்திருக்கும் மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி, கையில் ஒரு கண்ணாடி, மேலே சூரிய வெளிச்சம், இவ்வளவுதான் கருவி. அடுத்த ஆண்டு அந்தக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போனது. இன்றைக்குத் தொண்டை டாக்டர்கள் அவரைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடுகிறார்கள். மனுஷன் 101 வயது வரை இருந்தார். நம் பக்கத்தில் பாட்டு வாத்தியார்களுக்கும் தொண்டை டாக்டர்களுக்கும் பேச்சுவார்த்தை உண்டா என்றால், நான் பார்த்த வரையில் இல்லை.

அறுக்காமல் குரலைச் சரிசெய்ய எனக்குக் குரல் பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு 26 வயது இருக்கும். சங்கீதம் தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிட்டார். முதல் நாள் பாட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுவீங்க, எவ்வளவு தூரத்திலிருந்து பிள்ளைகளைக் கூப்பிடுவீங்க, ஃபேன் சத்தம் எவ்வளவு, சமையலறையிலிருந்து மாடிக்குக் கூப்பிடுவீங்களா, இப்படியே போனது. சுற்றிலும் சத்தம் இருந்தால் நமக்குத் தெரியாமலே குரல் உயர்ந்துவிடுமாம். நாலு மின்விசிறியும் 48 பிள்ளைகளும் சேர்ந்து என்னை வருஷக் கணக்கில் உயர்த்தியிருக்கிறார்கள். பாட்டு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், பேச்சு ஆறு மணி நேரம். எந்தப் பக்கம் சேதாரம் அதிகம் என்பதற்குக் கணக்கு டீச்சர் தேவையில்லை.

ஒரு வாரம் மௌனம். கிசுகிசுக்கவும் கூடாது. ரகசியம் பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைத்திருந்தேன், தொண்டையை இறுக்கிக்கொண்டு ரகசியம் பேசுவது அதையும் வருத்தும் என்றார். விடுப்புக் கிடைத்தது நாலு நாள்தான். மீதி இரண்டு நாள் கரும்பலகையிலேயே பாடம் நடத்தினேன். ‘நான் பேசக்கூடாது. பக்கம் 112, கணக்கு 4’ என்று எழுதினேன். வகுப்பு அமைதியானது. அமைதி என்றால், ஒரு பையன் எழுந்து வந்து என் காதருகே, “டீச்சர், பாத்ரூம் போகட்டுமா?” என்று ரகசியமாகக் கேட்கிற அளவுக்கு அமைதி. நான் பேசாவிட்டால் அவர்களும் பேசமாட்டார்கள் என்பது பதினைந்து வருஷ ஆசிரியப் பணியில் நான் கண்டுபிடிக்காத விஷயம்.

அப்புறம் ஸ்ட்ரா. அரை டம்ளர் தண்ணீரில் இளநீர்க்கடை ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை ஆழத்துக்கு விட்டு, அதன் வழியாக ‘ஊ’ என்று ஊத வேண்டும். தண்ணீர் குமிழியிடும், குரலும் வரும். முதல் நாள் என் பையன் எட்டிப் பார்த்து, “அம்மா, டம்ளர்ல சுருதி பாக்குறியா?” என்றான். வேடிக்கை மாதிரி இருந்தாலும் இதில் சூட்சுமம் உண்டு. வாய்ப்பக்கம் வழி குறுகலாக இருப்பதால் கொஞ்சம் அழுத்தம் திரும்பி வந்து குரல்நாண்களைத் தாங்கிக்கொள்கிறது. அவை அறைந்து மூடாமல் மெத்தென்று சேர்கின்றன. குமிழி ஒரே சீராக வந்தால் மூச்சு சீராக வருகிறது என்று அர்த்தம், விட்டு விட்டுக் கொப்பளித்தால் வயிற்றில் பிடிப்பு இல்லை. ‘அடிவயிற்றிலிருந்து பாடு’ என்று டீச்சர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். வயிறா பாடும்? வயிறு, விலா எல்லாம் சேர்ந்து காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் செய்கின்றன, அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷத்தில் புரியாதது அரை டம்ளர் தண்ணீரில் தெரிந்தது.

மூன்றாவது வாரம் ஸ்ட்ரா வழியாகவே மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை பாடினேன். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் அந்த ஒன்பது வயதுப் பாடத்தை முப்பத்தேழு வயதில் குமிழியாக. ஆறாம் வாரம், ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாக வரும் ஜண்டை வரிசை வந்தபோதுதான் என் திருட்டு பிடிபட்டது. ‘ச ச ரி ரி’ என்னும்போது இரண்டாவது ‘ச’வுக்கு ஓர் அழுத்தம் உண்டு. அந்த அழுத்தத்தை மூச்சால் கொடுக்க வேண்டும். நான் தொண்டையை மூடித் திறந்து, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு அறை கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் காலத்தில், நாலு மடங்கு வேகத்தில், பாடினால் எத்தனை அறை! அந்தப் பெண்ணுக்கு ஜண்டை என்றால் என்னவென்று தெரியாது, எனக்குக் குரல்நாண் என்றால் என்னவென்று தெரியாது. இரண்டு பேருமாகச் சேர்ந்து கண்டுபிடித்தோம்.

கடைசியாகத்தான் கட்டைக்கு வந்தோம். நான் வாயெடுத்தால் எந்த உயரத்தில் சிரமமில்லாமல் பேசுகிறேன், எதுவரை இறங்க முடிகிறது, எதுவரை மெதுவாக ஏற முடிகிறது என்று போனில் இருக்கும் சுருதி ஆப்பை வைத்துக்கொண்டு பார்த்தோம். நம் பாட்டுக்கு மந்தர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம் வரை, அதாவது கீழ் ‘ப’விலிருந்து மேல் ‘ப’ வரை, இரண்டு ஸ்தாயி வேண்டும்; ஒரு ஸ்வரத்திலிருந்து அதே ஸ்வரம் மேலே மறுபடி வரும் வரை ஒரு ஸ்தாயி. கீழே காற்றாகப் போகாமல், மேலே நரம்பு புடைக்காமல் இரண்டும் கிடைக்கும் இடம்தான் ஒருவருடைய சுருதி. எனக்குக் கிடைத்த இடம் நாலரை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தொழில் புத்தி. ஐந்தரைக் கட்டையில் மத்திய ஷட்ஜம், அதாவது நடு ‘ச’, ஏறக்குறைய 208 ஹெர்ட்ஸ், அதாவது அந்த இரண்டு மடிப்பும் நொடிக்கு 208 முறை ஒன்றோடொன்று முட்டுகின்றன. மேல் ஷட்ஜத்தில் 415, தார பஞ்சமத்தில் 623. நாலரையில் இதே ஷட்ஜம் 185, மேல் ஷட்ஜம் 370, தார பஞ்சமம் 555. ஒரு மணி நேரம் வெறும் மத்திய ஷட்ஜத்தையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால்கூட ஐந்தரையில் ஏழரை லட்சம் முட்டல், நாலரையில் ஆறே முக்கால் லட்சத்துக்கும் கீழே. எண்ணிக்கை குறைவது ஒரு பக்கம். எட்டாத உயரத்தை எட்டுவதற்காகக் கொடுக்கும் வலுவும் குறைகிறதே, அதுதான் பெரிய விஷயம். வேறொருத்திக்கு ஐந்தரை தாராளமாக இருக்கும். அவளுக்கு நாலரையில் பாடினால் மந்தர ஸ்தாயி முனகலாகப் போய்விடும். நல்ல கட்டை, கெட்ட கட்டை என்று கிடையாது.

இவ்வளவு கணக்குப் போட்டும் மனசு ஒப்பவில்லை. அந்த வருஷ நவராத்திரிக்கு ஒரு வீட்டில் நாலரையில் சுருதி வைத்தபோது, என்னோடு படித்த ஒருத்தி, “என்னடி, இறங்கிட்ட?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். “மாடிப்படி ஏற முடியலடி” என்று நானும் சிரித்துவைத்தேன். ராத்திரி அழுகை வந்தது. அழுதாலும் குரல்நாண் வீங்கும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். அதனால் அதையும் அளவாகத்தான் அழ வேண்டியிருந்தது.

மனசை ஒப்பவைத்தவர் ஓர் ஓதுவார். காவிரிக்கரையில் நாங்கள் அடிக்கடி போகும் கோயில். எழுபதைத் தாண்டியவர், காலம் தவறாமல் சந்நிதியில் நின்று தேவாரம் பாடுவார். மைக் கிடையாது. கழுத்தில் ஒரு நரம்பு அசையாது, ஆனால் கொடிமரம் வரை கேட்கும். கருங்கல் மண்டபமும் அவரோடு சேர்ந்து பாடுகிறது என்பது வேறு விஷயம். என் கதையைச் சொன்னேன்.

“பாட்டு குரலைக் கெடுக்காதும்மா. பேச்சுதான் கெடுக்கும். நாள் பூராச் சந்தையில கத்திட்டு, சந்நிதியில வந்து குழைன்னா அது எப்படிக் குழையும்?” என்றார். பிறகு, “பழைய தமிழ்ல ‘ச’வுக்கு என்ன பேரு தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியும், பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். ஏழு சுரத்தில் முதல் சுரத்துக்கே பெயர் குரல்.

“ஆங். ஆதார சுரம் எங்க நிக்குதோ அதான் குரல். இன்னொருத்தர் குரல்ல நீங்க எதுக்கும்மா நிக்கணும்?” என்று கேட்டுவிட்டு, அர்த்தஜாமத்துக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

அதே சமயம் வீட்டில் இன்னொரு குரலும் உடைந்துகொண்டிருந்தது. பையனுக்கு 13 வயது, மகரக்கட்டு. காலையில் “அம்மா” என்று கூப்பிட்டால் ‘அம்’ ஒரு ஸ்தாயியிலும் ‘மா’ இன்னொரு ஸ்தாயியிலும் வரும். ஆண்பிள்ளைகளுக்குக் குரல்வளை வளர்ந்து, நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிற காலம். அந்தக் காலத்தில் பாலர் நாடகக் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்துவிட்டால் பாடுகிற வேஷம் போய்விடும். இன்றும் பல வீட்டில் இந்த இடத்தில்தான் பையன்களின் பாட்டு நின்றுபோகிறது. நிறுத்த வேண்டியதில்லை, பழைய கட்டையைத்தான் விட வேண்டும். பாடகர் செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயரின் சாரீரம், அதாவது பாட்டுக் குரல், எவ்வளவு முரண்டு பிடித்தது என்பதும், அசுர சாதகத்தில் அதை வழிக்குக் கொண்டுவந்து தொண்ணூறு வயதிலும் பாடினார் என்பதும் சங்கீத உலகம் முழுக்கத் தெரிந்த கதை. என் பையனிடம் அதைச் சொன்னேன். அவன் கீபோர்டு வாங்கிக்கொடு என்றான். வாங்கிக்கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி கம்பி, மறுபடி ‘ஈ’. உடுக்கை மாதிரி இருந்த சந்து குறுகியிருந்தது. மேடுகள் இருந்தன, ஆனால் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. தொண்டையின் பின்பக்கம் சிவப்பாக இருந்ததைக் காட்டி, டாக்டரம்மா ராத்திரிச் சாப்பாட்டை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன் என்று கேட்டார். கச்சேரி, பஜனை என்று போனால் வீடு திரும்பப் பத்தரை, அதற்குமேல் அடையும் அவியலும், உடனே படுக்கை. படுத்ததும் வயிற்றுப் புளிப்பு மேலே ஏறி ராத்திரி முழுக்கக் குரல்வளையை நனைத்துக்கொண்டிருக்குமாம். படுக்க மூன்று மணி நேரம் முன்னால் சாப்பாடு முடிய வேண்டும் என்றார். மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பத்தியம் இதுதான். மார்கழியில் சபா கேன்டீனைத் தாண்டி வெறுங்கையோடு வெளியே வருகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இப்போது காலை ஐந்தேகாலுக்கு உட்காருகிறேன். ஐந்து நிமிஷம் ஸ்ட்ரா. பிறகு மந்தர ஸ்தாயி அகாரம், அதாவது வெறும் ‘ஆ’வில் ச நி த ப என்று ஒவ்வொன்றாக இறங்கி, மூச்சு முழுதும் தீர்வதற்கு முன்பே விட்டுவிட வேண்டும். தூங்கி எழுந்ததும் நாண்கள் சற்றே தடித்திருக்கும், கீழ் ஸ்வரங்கள் தாமாக வரும். விடியற்காலையில் மந்தர சாதகம் செய் என்று பெரியவர்கள் சொன்னதில் இந்தக் காரணமும் இருக்கிறது. கால் மணி நேரம் ‘ச’வுக்கு மேலே போகமாட்டேன். இந்தக் கால் மணி நேரத்தைத் தாண்டுவது எனக்கு இன்றும் பொறுமைச் சோதனைதான். தண்ணீர் காலையிலிருந்தே குடிக்கிறேன், மேடையில் ஃபிளாஸ்க்கைத் திறந்து குடிப்பது நாக்கை நனைக்கும், நாணை நனைக்க ரத்தம் வழியாகப் போய்ச் சேர வேண்டும். வகுப்பில் கூப்பிடுவதற்கு ஒரு சின்ன மணி வைத்திருக்கிறேன். கனைப்பு வந்தால் எச்சில் விழுங்கிக்கொள்கிறேன். மாடிக்குப் போன் பண்ணுகிறேன். சொந்த வீட்டுக்குள்ளேயே போன் பண்ணுவது மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

போன வருஷம் முதல் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஜூன் மாதம் 12 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். நல்ல ரவைச் சாரீரம், அதாவது வேகத்திலும் ஸ்வரம் ஸ்வரமாக உதிரும் குரல்; சங்கதி உருண்டு உருண்டு விழுந்தது. ஆகஸ்டில் ஒரு போட்டி, ஐந்தரையில் வர்ணம் தயார் பண்ண வேண்டும் என்றார் அவள் அம்மா. பாடச் சொன்னேன். பஞ்சமத்துக்குப் போகும்போது தோள் ஏறியது, தாடை முன்னே வந்தது. ஐந்தில் வைத்தேன், தோள் இறங்கியது. நாலரையிலும் ஒருமுறை பாடிப் பார்த்தோம், மந்தரத்தில் மங்கியது. ஐந்துதான் அவள் இடம்.

“அரைக் கட்டைதானே டீச்சர், சமாளிச்சுப்பா. போட்டில எல்லாரும் ஐந்தரையில பாடுவாங்க.”

“சமாளிப்பாம்மா. நானும் சமாளிச்சேன்” என்றேன்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது புரியவில்லை, புரியும்படி நானும் சொல்லவில்லை. கணக்கெல்லாம் எடுத்துச் சொல்லியிருக்கலாம், 415, 370 என்று. இரண்டு வாரத்தில் பெண்ணை வேறு வகுப்பில் சேர்த்துவிட்டார். ஆகஸ்ட் கடைசியில் கடைத்தெருவில் பார்த்தேன். “இரண்டாம் பரிசு டீச்சர்” என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு முறை கனைத்துக்கொண்டாள்.